கல் பாவிய தெருக்கள் – 14: ஒரு சன்னலும் இருபத்தேழு சிலுவைகளும்

சென்ற பகுதியை 1612இல், பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் மரணத்தோடு நிறுத்தியிருந்தேன். ஓவியங்களையும் ரசவாதிகளையும் வானியலாளர்களையும் பிராக் கோட்டைக்குள் சேர்த்துவைத்த அந்த விசித்திர மனிதர் போய் ஆறு ஆண்டுகள் ஆனபோது, அதே கோட்டையின் சன்னல் வழியாக மூன்று பேரைத் தூக்கி வெளியே வீசினார்கள். முப்பதாண்டுப் போர் அங்கே தொடங்கியது. அதில் மாண்டவர்கள் 45 லட்சம் என்பாரும் உண்டு, 80 லட்சம் என்பாரும் உண்டு. பெரும்பாலோர் வாளுக்குப் பலியாகவில்லை; பசிக்கும் கொள்ளைநோய்க்கும் பலியானார்கள். ஜெர்மனியின் சில பகுதிகள் தலையெடுக்க இரண்டு மூன்று தலைமுறை ஆயிற்று. அந்தப் போரின் கடைசிச் சண்டையும் இதே பிராகில், 1648இல், ஒரு பாலத்தின் மேல்தான் நடந்தது.

அந்தச் சன்னலிலிருந்து அந்தப் பாலத்துக்கு நடந்தே போகலாம். அதனால் இந்தப் பகுதியை ஒரு நடையாகவே எழுதுகிறேன். பிராகில் வழிகாட்டிகள் ‘ராஜபாட்டை’ என்று ஒரு வழியைக் காட்டுவார்கள். கீழே பழைய நகரத்தின் வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, ஆற்றைக் கடந்து, கோட்டைக்கு ஏறும் வழி அது. முடிசூடப் போன மன்னர்கள் அப்படித்தான் போனார்கள். நாம் எதிர்த்திசையில் இறங்குவோம். முழங்காலுக்கும் நல்லது, நம் கதையும் மேலிருந்து கீழாகத்தான் இறங்குகிறது. 22ஆம் எண் டிராம் கோட்டைக்குப் பின்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பழைய அரண்மனையையும் பேராலயத்தின் உட்பகுதியையும் பார்க்கச் சீட்டு வாங்குங்கள்.

பழைய அரண்மனையின் பெரிய மண்டபம் விளாடிஸ்லாவ் மன்னரின் பெயரால் அழைக்கப்படுகிறது. 1500 வாக்கில் கட்டியது. வீரர்கள் குதிரையோடு ஏறிவர அகலமான படிக்கட்டு. மழை நாளில் குதிரைப் போட்டிகளை உள்ளேயே நடத்தினார்களாம். எல்லோரும் அண்ணாந்து விதானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் தென்மேற்கு மூலையில் உள்ள சிறு கதவு வழியாக அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். அங்கேதான் பொஹீமிய அரசின் செயலகம் இருந்தது. மன்னர் ஊரில் இல்லாதபோது அவருடைய பிரதிநிதிகள் உட்கார்ந்து கோப்பு பார்த்த அறை. மேசை, கணப்பு அடுப்பு, சன்னல், அவ்வளவுதான்.

பொஹீமிய மக்களில் பெரும்பகுதியினர் அப்போது கத்தோலிக்கர் அல்லர். மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் 1415இல் எரிக்கப்பட்ட நாளிலிருந்தே இந்த நாடு ரோமுக்கு அடங்காத பிள்ளை. ருடால்ஃப், தம்பியோடு நடந்த அதிகாரச் சண்டையில் பிரபுக்களின் ஆதரவு வேண்டி, 1609இல் மத சுதந்திர சாசனம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். 1617இல் மன்னராக ஏற்கப்பட்ட ஃபெர்டினாண்டு தீவிரக் கத்தோலிக்கர். சாசனத்தை மதிப்பதாகச் சொன்னார். ஆனால் புரோமோவ் என்ற ஊரில் புராட்டஸ்டன்ட் ஆலயம் பூட்டப்பட்டது, ஹ்ரோப் என்ற ஊரில் இடிக்கப்பட்டது. புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கூடி முறையிட்டார்கள். இனிக் கூட்டம் கூடவே கூடாது என்று பேரரசரிடமிருந்து மிரட்டலாகக் கடிதம் வந்தது.

1618 மே 23 காலை, தூர்ன் பிரபுவின் தலைமையில் அவர்கள் ஆயுதங்களோடு கோட்டைக்கு வந்தார்கள். கோட்டைக் காவல் தலைவர் திவிஷ் செர்னின் ஒரு கத்தோலிக்கர். அவர்தான் அவர்களை உள்ளே விட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நடையின் முடிவில் தேவைப்படும். செயலக அறையில் நான்கு பிரதிநிதிகள் இருந்தார்கள். அந்த மிரட்டல் கடிதத்தை எழுதத் தூண்டியது யார் என்பதுதான் கேள்வி. இருவரை நல்லவர்கள் என்று வெளியே அனுப்பிவிட்டு, ஸ்லாவாதா, மார்ட்டினிட்ஸ் இருவரையும் பிடித்துக்கொண்டார்கள். முதலில் மார்ட்டினிட்ஸ் சன்னல் வழியாகப் போனார். அடுத்து ஸ்லாவாதா. சன்னல் விளிம்பைப் பிடித்துத் தொங்கியவரைக் கையில் அடித்துத் தள்ளினார்கள். எழுத்தர் ஃபாப்ரீஸியுஸையும் பின்னாலேயே அனுப்பினார்கள்.

ஆத்திரத்தில் நடந்த காரியம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. முந்தின இரவே தலைவர்கள் சிலர் கீழே ஒரு மாளிகையில் கூடிப் பேசியிருந்தார்கள். இந்தத் தண்டனைக்கு ஊரில் முன்னுதாரணமும் இருந்தது: 1419இல் ஹுஸின் ஆதரவாளர்கள் புதிய நகரத்தின் நகர மன்றச் சன்னல் வழியாக உறுப்பினர்களை வீசிக் கொன்று ஒரு போரைத் தொடங்கிவைத்திருந்தார்கள். 1618இல் மூவரைப் பிடித்துத் தள்ளிய கைகள் அந்த வரலாறு தெரிந்த கைகள்.

ஆனால் இந்த முறை யாரும் சாகவில்லை. சன்னலருகே நின்று கீழே பாருங்கள். ஏறக்குறைய 20 மீட்டர். கன்னி மரியாள் தாங்கிப் பிடித்தார் என்று கத்தோலிக்கர்கள் துண்டுப்பிரசுரம் போட்டார்கள். குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்று புராட்டஸ்டன்ட்கள் கேலி செய்தார்கள். கனத்த மேலங்கிகளும் சரிவான சுவரும் காப்பாற்றியிருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர்கள் கணிப்பு. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. ஸ்லாவாதாவுக்குத் தலையில் பலத்த அடி. ஃபாப்ரீஸியுஸ் எழுந்து நேரே வியன்னாவுக்குப் போய்ப் பேரரசரிடம் செய்தி சொன்னார்.

வெளியே வந்ததும் எதிரே புனித வீட்டுஸ் பேராலயம். உள்ளே பலிபீடத்தைச் சுற்றிவரும் பாதையில் ஒரு பெரிய மரச் சிற்பப் பலகை உண்டு. பிராக் நகரம் முழுவதும், ஆறும் பாலமும் வீடுகளும், ஒரு விரல் அகலச் சன்னல்களோடு செதுக்கியிருக்கிறது. பாலத்தின் மேல் வண்டிகளும் குதிரைகளும் விரைகின்றன. ஒரு மன்னர் ஊரைவிட்டு ஓடும் காட்சி அது.

அந்த மன்னர் ஃபிரெடரிக். கிளர்ச்சியாளர்கள் ஃபெர்டினாண்டை நீக்கிவிட்டு, ஜெர்மனியிலிருந்து இந்த 23 வயது கால்வினிச இளவரசரை அழைத்துவந்து 1619 நவம்பரில் முடிசூட்டினார்கள். மாமனார் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ். உதவிக்கு வருவார் என்று நம்பினார்கள், வரவில்லை. ஃபிரெடரிக்கின் அரண்மனைப் போதகர் அந்த டிசம்பரிலேயே இந்தப் பேராலயத்தின் சுரூபங்களையும் படங்களையும் அகற்றவைத்தார். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, தம் பக்கத்து மக்களே முகம் சுளித்தார்கள். வந்த ஊரின் பழக்கம் தெரியாமல் இப்படி ஒரு காரியத்தைத் தொடக்கத்திலேயே செய்தவர் நிலைப்பார் என்று நான் அன்று இருந்திருந்தால் பந்தயம் கட்டியிருக்க மாட்டேன். 1620 நவம்பர் 8 அன்று நகருக்கு மேற்கே வெள்ளை மலையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவர் படை சிதறியது. அடுத்த நாள் நாட்டைவிட்டே கிளம்பினார். ஒரே குளிர்காலம் ஆண்டவர் என்று எதிரிகள் ‘குளிர்கால மன்னர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. வென்றவர்கள் அவருடைய ஓட்டத்தைப் பேராலயத்துக்குள்ளேயே மரத்தில் செதுக்கி நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

பேராலயத்தின் தெற்கு முற்றத்திலிருந்து ஒரு படிக்கட்டு அரண் தோட்டத்துக்கு இறங்குகிறது. குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். அரண்மனைச் சுவரின் அடியில் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன: ஸ்லாவாதாவும் மார்ட்டினிட்ஸும் விழுந்த இடங்கள். எழுத்தருக்குத் தூண் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தோட்டத்தின் கிழக்கு முனையில், கோட்டை வாசலை ஒட்டி லோப்கோவிட்ஸ் மாளிகை. இன்று அருங்காட்சியகம். அடிபட்ட இருவரும் தஞ்சம் புகுந்தது இங்கேதான். வீட்டுத் தலைவி பொலிக்ஸேனா. கணவர் அரசின் உயர் அமைச்சர், அவர் ஊரில் இல்லை. தூர்ன் ஆட்களோடு வந்து இருவரையும் ஒப்படைக்கச் சொன்னபோது பொலிக்ஸேனா மறுத்துத் திருப்பி அனுப்பினார். மார்ட்டினிட்ஸ் பிறகு பவேரியாவுக்குத் தப்பினார். போர் முழுவதையும் பார்த்துவிட்டு 1649இல்தான் இறந்தார். பொலிக்ஸேனாவைக் கீழே இன்னொரு இடத்தில் சந்திப்போம்.

பழைய கோட்டைப் படிகள் வழியாக இறங்குங்கள். இறங்கி வலப்பக்கம் திரும்பினால், பள்ளத்தில் தளபதி வாலன்ஸ்டைனின் அரண்மனை. இன்று செக் நாட்டின் செனட் சபை இங்கே கூடுகிறது. 26 வீடுகளையும் சில தோட்டங்களையும் வாங்கி இடித்து, 1623இலிருந்து கட்டிய மாளிகை. தோற்ற பிரபுக்களின் நிலங்கள் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தன. அதை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் ருசியான கதை. 1622இல் லீக்டன்ஸ்டைன், வாலன்ஸ்டைன், வங்கியாளர் ஹான்ஸ் டி விட்டே, யூத வணிகர் யாகோப் பசேவி ஆகியோர் அடங்கிய ஒரு கூட்டணிக்கு நாணயம் அச்சிடும் உரிமை கிடைத்தது. நாணயத்தில் வெள்ளியைக் குறைத்து, செம்பைக் கூட்டி, அந்தக் காசையே கொடுத்து நிலம் வாங்கினார்கள். 1623 முடிவில் காசின் மதிப்பு அதிகாரபூர்வமாகவே வெட்டப்பட்டது; சேமித்துவைத்த சாதாரண மக்கள் ஓட்டாண்டி ஆனார்கள். நிலம் வாங்கியவர்கள் நிலத்தோடு இருந்தார்கள்.

வாலன்ஸ்டைன் பேரரசரின் தலைமைத் தளபதியானார். மண்டப விதானத்தில் போர்த் தெய்வம் மார்ஸாகத் தன்னையே வரையவைத்தார். 1608லேயே வானியலாளர் கெப்ளரிடம் ஜாதகம் கணிக்கச் சொன்னவர். கடைசியில் பேரரசருக்கே அவர்மேல் சந்தேகம் வந்து, 1634 பிப்ரவரியில் ஹெப் என்ற எல்லை ஊரில் அவருடைய படை அதிகாரிகளே அவரைக் குத்திக் கொன்றார்கள். அவருக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே மூழ்கிய டி விட்டே அதற்கு முன்பே, 1630இல், தன் வீட்டுக் கிணற்றில் விழுந்து செத்திருந்தார். தோட்டத்தில் வரிசையாக நிற்கும் வெண்கலச் சிலைகள் அசல் அல்ல. அசலை ஸ்வீடன் படை 1648இல் வண்டியேற்றிப் போய்விட்டது. ஸ்டாக்ஹோம் அருகே ட்ரோட்னிங்ஹோல்மில் அவை நிற்கின்றன.

மாலா ஸ்ட்ரானா சதுக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம். வடபக்கத்தில் ஸ்மிர்ஷிட்ஸ்கி மாளிகை. சன்னல் வீச்சுக்கு முந்தின இரவுக் கூட்டம் நடந்தது அங்கேதான். மேற்கே லீக்டன்ஸ்டைன் மாளிகை. அங்கே இருந்தவர்தான் பிறகு தண்டனைகளை நிறைவேற்றிய ஆளுநர், நாணயக் கூட்டணியிலும் பெயர் வந்ததே, அவரே. அது இன்று இசைக் கல்லூரி.

இங்கிருந்து கார்மெல் தெருவில் தெற்கே சில நிமிடம். வலப்பக்கம் சாதாரணமான முகப்போடு ஒரு ஆலயம். உள்ளே போனால் தமிழ் வாசகர்கள் பலருக்கு ஒரு திடுக்கிடல் காத்திருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள், கிரீடம் சூடி, கையில் உருண்டை ஏந்தி, அரச உடுப்பில் நிற்கும் குழந்தை இயேசு. காலண்டரிலும் ஆட்டோ கண்ணாடியிலும் பார்த்த அதே முகம். பெங்களூர் விவேக்நகரில் வியாழக்கிழமைகளில் வரிசையில் நிற்கும் தமிழ்க் குடும்பங்கள் வணங்கும் சுரூபத்தின் மூலம் இதுதான். அரை மீட்டர் உயரம்கூட இல்லை. மரத்தின் மேல் மெழுகு பூசிச் செய்தது. ஸ்பெயினிலிருந்து வந்த குடும்பச் சொத்து.

இந்த ஆலயத்தை முதலில் கட்டியவர்கள் ஜெர்மானிய லூத்தரன்கள், 1611இல். வெள்ளை மலைக்குப் பிறகு அவர்களிடமிருந்து பறித்துக் கார்மெல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார்கள். வெற்றியின் நினைவாக ‘வெற்றி அன்னை ஆலயம்’ என்று பெயரையும் மாற்றினார்கள். 1628இல் அந்தத் துறவிகளுக்குக் குழந்தை இயேசுவைக் கொடுத்தவர் பொலிக்ஸேனா, மேலே கதவை அடைத்து நின்றாரே, அவர்தான். மூன்றே ஆண்டுகளில் புராட்டஸ்டன்ட் சாக்ஸனியின் படை நகரைப் பிடித்தது. துறவிகள் ஓடினார்கள். சுரூபத்தின் கைகள் உடைந்து, பீடத்துக்குப் பின்னால் குப்பையோடு கிடந்தது. 1637இல் சிரிலுஸ் என்ற துறவி தேடி எடுத்துச் சீர்செய்து வைத்தார். பக்தி பரவியது அதற்குப் பிறகுதான். பக்கத்து மாடியில் குழந்தையின் உடுப்புகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பேரரசி மரியா தெரேசா கொடுத்ததும் அதில் உண்டு.

இனி பாலம். சார்லஸ் பாலம் 1357இல் தொடங்கியது, 516 மீட்டர் நீளம். இருபுறமும் நிற்கும் 30 சிலைகளில் பெரும்பாலானவை 1683க்கும் 1714க்கும் இடையில் வந்தவை. நம் கதையின் காலத்தில் அவை எதுவும் இல்லை, ஒரு சிலுவை மட்டும் இருந்தது. பிராகின் அழகு என்று உலகம் படம் எடுக்கும் பச்சைக் குவிமாடங்களும் பாலத்துப் புனிதர்களும் வெள்ளை மலையில் வென்ற தரப்பின் கட்டுமானம். அழகுதான், நானும் மயங்குகிறேன். யார் பணத்தில் என்று கேட்டுக்கொண்டே மயங்குகிறேன்.

1648 ஜூலை 25 நள்ளிரவு கழிந்து, ஒட்டோவால்ஸ்கி என்பவர் ஸ்வீடன் தளபதி கொனிக்ஸ்மார்க்கின் ஆட்களை மதிலின் பலவீனமான இடம் வழியே உள்ளே அழைத்துவந்தார். பேரரசரின் படையில் ஒரு கையை இழந்து, தக்க ஈட்டுத்தொகை கிடைக்காமல் கட்சி மாறியவர் அவர். விடிவதற்குள் கோட்டையும் மேற்குக் கரையும் போயின. ருடால்ஃப் சேர்த்த பொக்கிஷத்தில் மிஞ்சியிருந்தது மொத்தமும் வடக்கே போயிற்று. ‘சாத்தானின் பைபிள்’ என்று பேர்பெற்ற பூதாகரமான கையெழுத்துப் பிரதி இன்றும் ஸ்டாக்ஹோம் தேசிய நூலகத்தில் இருக்கிறது. வெஸ்ட்ஃபாலியாவில் சமாதானப் பேச்சு முடியும் தறுவாயில் இருந்தது. அதற்குள் அள்ளியது அள்ளியதுதான் என்ற அவசரம்.

கிழக்குக் கரை மட்டும் விழவில்லை. பாலத்தின் மறுமுனையில் உள்ள கோபுரத்தை மாணவர்களும் நகரத்தாரும் யூதக் குடியிருப்பின் மக்களும் சேர்ந்து காத்தார்கள். மாணவர்களை நடத்தியவர் ஒரு ஏசுசபைப் பாதிரியார், யிர்ஷி பிளாஹி. அக்டோபர் 24இல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும், செய்தி வந்துசேரும்வரை இங்கே சுட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய நகரப் பக்கமிருந்து கோபுரத்தைப் பார்த்தால் சிற்ப வேலை நிறைந்திருக்கும். ஆற்றைப் பார்த்த முகம் மொட்டையாக இருக்கும். ஸ்வீடன் பீரங்கிகள் செய்த வேலை. கோபுரத்துக்கு அப்பால் கிளெமென்டினும் வளாகத்தில் ஒரு மாணவனின் சிலையும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். 1618இல் இந்த நகரம் கத்தோலிக்கப் பேரரசரின் ஆட்களைச் சன்னல் வழியே வீசியது. 1648இல் அதே நகரம் கத்தோலிக்கப் பேரரசருக்காக, புராட்டஸ்டன்ட் படையை எதிர்த்து உயிர் கொடுத்தது. இடையில் என்ன ஆயிற்று என்பதற்கான விடை இதே கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கியது: இரும்புக் கூடைகளில் 12 தலைகள்.

அந்தத் தலைகள் வெட்டப்பட்ட இடத்துக்குக் கார்லோவா தெரு வழியாகப் பத்து நிமிடம். பழைய நகரச் சதுக்கத்தில் நகர மன்றத்தின் தெற்குச் சுவரில் 1410இல் செய்த வானியல் கடிகாரம். மணி அடிக்கும்போது பொம்மை அப்போஸ்தலர்கள் எட்டிப்பார்ப்பதற்காகக் கூட்டம் அண்ணாந்து நிற்கும். நீங்கள் சுவரைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் வந்து தரையைப் பாருங்கள். கல் பாவிய தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள்.

1621 ஜூன் 21. அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள். மூன்று பிரபுக்கள், ஏழு குறுநிலப் பிரபுக்கள், பதினேழு நகரத்தார். 24 பேருக்குத் தலை வெட்டு, மூவருக்குத் தூக்கு. கொலைஞர் யான் மிட்லார்ஷ் நான்கு வாள்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார். சாகிறவர்கள் பேசுவது கூட்டத்துக்குக் கேட்கக் கூடாது என்று முரசு அடித்துக்கொண்டே இருந்தார்கள். காஷ்பர் காப்லிர்ஷுக்கு வயது 86.

யான் யெசேனியுஸ் பல்கலைக்கழகத் தலைவர், மருத்துவர். 1600இல் பிராகில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன்னிலையில் பிரேதம் அறுத்துக் காட்டியவர். சதுக்கத்துக்கு மேலே இரட்டைக் கோபுரத்தோடு தெரிகிறதே தீன் ஆலயம், அங்கே 1601இல் வானியலாளர் டைகோ பிராகேயை அடக்கம் செய்தபோது இரங்கலுரை ஆற்றியவரும் இவரே. கிளர்ச்சிக்காரர்களுக்காகத் தூது போய்ப் பேசிய குற்றத்துக்கு முதலில் அவருடைய நாக்கை அறுத்தார்கள், பிறகு தலையை. கிறிஸ்டோஃப் ஹராந்த் இசையமைப்பாளர். 1598இல் புனித பூமிக்கும் எகிப்துக்கும் போய்வந்து பயண நூல் எழுதியவர். அவரோடு அந்தப் பயணம் போன மைத்துனர் ஹெர்மன் செர்னின் பேரரசர் பக்கம் இருந்து உயர்ந்தார். ஹெர்மனின் சகோதரர்தான் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட திவிஷ் செர்னின். இருபத்தேழு பேரில் ஒரே கத்தோலிக்கர். சன்னலிலிருந்து யாரையும் தள்ளாதவர். ஆயுதம் ஏந்தியவர்களை உள்ளே விட்டதற்காக அவர் தலையும் போயிற்று. தூர்ன் பிரபு என்னவோ தப்பிவிட்டார்.

1631இல் சாக்ஸன் படையோடு திரும்பிவந்த அகதிகள் பாலக் கோபுரத்துத் தலைகளை இறக்கித் தீன் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள் என்பார்கள். அந்த ஆலயத்தின் முகப்பிலும் மாற்றம் நடந்துவிட்டிருந்தது. ஹுஸ் வழியினரின் அடையாளமான பொன் கிண்ணத்தை 1626இல் கழற்றி உருக்கி, அதே உச்சியில் வைத்த கன்னி மரியாளுக்கு ஒளிவட்டமாக்கினார்கள். 1627இல் கத்தோலிக்கம் மட்டுமே சட்டபூர்வ மதமாயிற்று. மதம் மாறாத பிரபுக்களும் நகரத்தாரும் வெளியேறினார்கள். கல்வியாளர் கொமீனியஸ் 1628இல் எல்லை தாண்டினார், திரும்பவே இல்லை. 1648இல் கோபுரத்தைக் காத்த மாணவர்கள் இந்த வெளியேற்றத்துக்குப் பிறகு ஏசுசபைப் பள்ளிகளில் வளர்ந்த தலைமுறை.

இந்த நகரத்தின் அகதிப் பட்டியலில் நமக்கு வேண்டியவர் ஒருவரும் உண்டு. பிராகில் 1927இல் பிறந்து, இங்கேயே தமிழ் கற்பித்த கமில் சுவெலபில், 1968இல் சோவியத் டாங்குகள் நுழைந்த பிறகு வெளியேறினார். கொமீனியஸைப் போலவே அவரும் நெதர்லாந்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்.

சதுக்கத்தின் நடுவே இரண்டு நினைவுச்சின்னங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஹுஸின் சிலை, அவர் இறந்த 500ஆம் ஆண்டான 1915இல் வைத்தது. அருகே மரியாள் தூண், ஸ்வீடன் படையிடமிருந்து தப்பியதற்கு நன்றியாக 1650இல் எழுப்பியது. நாடு விடுதலை பெற்ற சில நாட்களில், 1918 நவம்பர் 3 அன்று, வெள்ளை மலையின் அவமானச் சின்னம் என்று சொல்லி ஒரு கூட்டம் கயிறு கட்டி அதை இழுத்துத் தள்ளியது. நூறாண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 2020இல் அதே இடத்தில் நகல் ஒன்றை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரியா என்று நகர மக்கள் இன்னும் ஒருமனதாக இல்லை. உண்மையில் அந்த 27 பேர் மதத்துக்காகச் செத்தார்களா, தங்கள் பிரபுத்துவச் சலுகைகளுக்காகவா என்பதிலும் செக் வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. இரண்டும்தான் என்பது என் முடிவு.

கோட்டையிலிருந்து இங்கே வரை, ஆலயத்துக்கும் தோட்டத்துக்கும் விலகிப் போனதைச் சேர்த்தாலும், நான்கு கிலோமீட்டரைத் தாண்டாது. கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். தாமதித்தால் பாலத்தில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. வழுக்காத செருப்பு அவசியம். அடுத்த பகுதியில் கொமீனியஸைப் பின்தொடர்ந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறோம். அங்கே ஏற்ற இறக்கம் கிடையாது.